குப்பைமேட்டுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது?

ஆல்பர்ட் ஹோவர்டும் யஷ்வந்த் வாடும் சேர்ந்து எழுதிய ‘விவசாயக் கழிவுப் பொருட்கள்’ என்ற ஆங்கில நூல் 1931-ல் வெளிவந்தது. பருத்தி ஆராய்ச்சிக்கென்று இந்தூரில் தொடங்கிய ஒரு நிலையத்தில், சில ஆண்டுகள் குப்பையை மக்கவைத்துப் பார்த்ததன் கணக்கு அது. அதற்குப் பிறகு இந்தியாவில் கம்போஸ்ட் பற்றிப் பேசியவர்கள் பெரும்பாலும் இரண்டு கட்சியாகப் பிரிந்துகொண்டார்கள். உழவர்களுக்கு எருவைப் பேணத் தெரியவில்லை, விஞ்ஞானம் வந்துதான் கற்றுக்கொடுத்தது என்பது ஒரு கட்சி. நம் முன்னோருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, வெள்ளைக்காரர் பார்த்து எழுதிப் பேர் வாங்கிக்கொண்டார் என்பது இன்னொரு கட்சி. இரண்டுமே யாருக்குத் தெரியும், யாருக்குத் தெரியாது என்ற வழக்கைத்தான் நடத்துகின்றன. வெயில் காய்கிற நாட்டில் எரு தயாரித்த வரலாற்றை நிதானமாகப் பார்த்தால் பிரச்சினை வேறு இடத்தில் இருப்பது தெரியும். குப்பை மக்குவதற்கு ஈரம் வேண்டும். குப்பை சேர்கிற மாதங்களில் ஈரம் கிடையாது. இந்த முரணை ஒவ்வொரு காலத்தவரும் ஒவ்வொரு ஊராரும் எப்படிச் சமாளித்தார்கள் என்பதுதான் இங்கே கம்போஸ்டின் வரலாறு. எந்த முறை நிலைத்தது, எது பிரசுரத்தோடு நின்றுபோனது என்பதைத் தீர்மானித்ததில் அறிவைவிடத் தண்ணீருக்கும் அதைச் சுமக்கிற ஆளுக்கும் பங்கு அதிகம்.

முதலில் இந்தூர். 1905 முதல் பீகாரின் பூசாவில் தாவரவியலாளராக இருந்த ஹோவர்ட், 1924-ல் இந்தூர் நிலையத்தின் இயக்குநரானார். ஹோல்கர் சமஸ்தானம் நிலம் கொடுத்தது. பருத்திக் குழுவும் மத்திய இந்தியச் சமஸ்தானங்களும் பணம் கொடுத்தன. மாட்டுத்தொழுவத்தை ஒட்டி வரிசையாகக் குழிகள் வெட்டப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 அடி நீளம், 14 அடி அகலம், 2 அடி ஆழம். பக்கங்கள் செங்குத்தாக இல்லாமல் சரிந்திருக்கும். பருத்திமார் போன்ற கட்டையான பொருளை அப்படியே போட்டால் மக்காது என்பதால், அதைப் பண்ணைப் பாதையில் பரப்பி வண்டிச் சக்கரத்தில் நசுங்கவிட்டார்கள். நசுங்கியது மாட்டுக்குப் படுக்கையாகப் போகும். சாணமும் மூத்திரமும் ஊறிய பிறகு அங்கிருந்து குழிக்கு வரும். தொழுவத் தரையின் மூத்திரம் குடித்த மண்ணைச் சில மாதங்களுக்கு ஒருமுறை வெட்டியெடுத்து, புதுமண் நிரப்பினார்கள். அந்த மண், அடுப்புச் சாம்பல், சாணி, ஏற்கெனவே பூசணம் பிடித்த குழியிலிருந்து ஒரு கை, எல்லாவற்றையும் தண்ணீரில் கரைத்து அடுக்குக்கு அடுக்கு தெளித்தார்கள். குழி நிரம்பிய அன்று மாலை தண்ணீர், மறுநாள் காலை தண்ணீர். மூன்று முறை கிளற வேண்டும், கிளறும்போதெல்லாம் மறுபடியும் நனைக்க வேண்டும். உள்ளே சூடு 65 டிகிரி வரை ஏறி, மூன்று மாதத்தில் 30-க்கு இறங்கும்போது எரு தயார். மழைக்காலம் வந்தால் குழி குளமாகிவிடும் என்பதால் அப்போது தரைமட்டத்தில் குவியலாகப் போட்டார்கள். கோடைக்குக் குழி, மழைக்குக் குவியல் என்ற இந்தப் பிரிவினையை நான் முக்கியமாகக் கருதுகிறேன். பின்னாளில் இந்தூர் முறையைச் சுருக்கி எழுதிய பிரசுரங்கள் அடுக்கின் கனத்தையும் கலவை விகிதத்தையும் விடாமல் சொல்லிவிட்டு, இதை ஒரு வரியில் தள்ளிவிட்டுப் போயின. கோடையில் குழி வெட்டியது குப்பையை ஒளித்துவைக்க அல்ல. பக்கவாட்டுக் காற்று ஈரத்தை உறிஞ்சாமல் காப்பதற்குத்தான் குழி.

ஹோவர்ட் இந்த யோசனையை எங்கிருந்து பெற்றார் என்பதும் தண்ணீரிடமே கொண்டுபோகிறது. அமெரிக்க மண்ணியலாளர் எஃப். எச். கிங் 1909-ல் சீனா, கொரியா, ஜப்பான் சென்று வந்து எழுதிய ‘நாற்பது நூற்றாண்டின் உழவர்கள்’ 1911-ல் அச்சானது. ஹோவர்ட் அதை ஊன்றிப் படித்தவர். கடனை ஒளிக்கவும் இல்லை. கிங் பார்த்த சீன உழவர்கள் கால்வாய்ச் சேற்றை வாரி, அறுத்த பசுந்தழையோடு அடுக்கடுக்காகச் சேர்த்துக் கரையிலேயே புளிக்கவிட்டார்கள். கால்வாய்தான் சாலை, கால்வாய்தான் பாசனம், கால்வாய்தான் எருவுக்கு ஈரமும் சேறும். மக்க வேண்டிய குவியலும் தண்ணீரும் அருகருகே இருந்த இடத்தில் வளர்ந்த நுட்பம் அது. ஹோவர்டின் துணிச்சல், அதை இந்தூர் இருக்கும் மால்வாக் கரிசலுக்கு, ஜூனில் தொடங்கி செப்டம்பரில் நின்றுவிடும் மழைக்குக் கொண்டுவந்ததில் இருக்கிறது. கால்வாய்க்குப் பதிலாக நிலையத்துத் தண்ணீர், குடும்பத்து ஆட்களுக்குப் பதிலாகக் கூலியாட்கள். அவர் அதைக் கம்போஸ்ட் தொழிற்சாலை என்றே அழைத்தார். உண்மையும் அதுதான்: நாற்பது உழவு மாடும், முறை வைத்து வேலை பார்க்கும் ஆட்களும், வற்றாத தண்ணீரும் இருந்தால் ஓடுகிற தொழிற்சாலை.

தமிழ்நாட்டு உள்மாவட்டங்களின் நாட்காட்டி இந்தூருடையது அல்ல. ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. தை, மாசியில் அறுவடை. அதற்குப் பின்னால் வருவது பங்குனி, சித்திரை, வைகாசி. களத்துச் சண்டும் செத்தையும் சேர்கிற நேரத்தில் கிணறு இறங்கத் தொடங்கிவிடுகிறது. சேர்வதும் எவ்வளவு? வைக்கோலும் சோளத்தட்டும் கம்பந்தட்டும் மாட்டுக்குப் போகின்றன. பருத்திமாரும் துவரைமாரும் அடுப்புக்குப் போகின்றன. சாணத்தில் ஒரு பங்கு வறட்டியாகிறது, ஒரு பங்கு வாசல் தெளிக்கவும் தரை மெழுகவும் போகிறது. இவை எல்லாவற்றுக்கும் போக மிஞ்சியதுதான் குப்பைமேட்டுக்கு வருகிறது: தொழுவம் கூட்டியது, மாடு கழித்த தட்டை, அடுப்புச் சாம்பல், வீடு பெருக்கிய மண். அதன்மேல் தினமும் ஒரு கூடை விழும், ஆண்டு முழுக்க. யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, யாரும் கிளறுவதில்லை. ஐப்பசி மழையில் அடிப்பக்கம் கொஞ்சம் மக்கும், கோடையில் அப்படியே நின்றுவிடும். சித்திரை பிறந்ததும் வண்டி பூட்டி, மேட்டை வெட்டி, காட்டுக்குக் குப்பை அடிப்பார்கள். வேளாண் துறையினர் நெடுங்காலம் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். பாதி மக்கியும் பாதி மக்காமலும் இருக்கிறதே, இதுவா எரு என்பது அவர்கள் கேள்வி. அவர்கள் குப்பைமேட்டைச் சரியாக ஓடாத தொழிற்சாலையாகப் பார்த்தார்கள். உண்மையில் அது தானியத்துக்குக் குதிர் எப்படியோ அப்படி ஒரு சேமிப்பு. மக்கவைக்கும் வேலை அங்கே முடிவதாக உழவர் நினைக்கவே இல்லை. அந்த வேலை நிலத்தில், முதல் மழையில் முடிய வேண்டியது.

இந்தக் கோணத்தில் பார்த்தால், தனித்தனியாகப் பேசப்படும் பல வழக்கங்கள் ஒரே கணக்கில் அடங்குகின்றன. நஞ்சையில் தண்ணீர் வயலிலேயே நிற்கிறது. ஆகவே அங்கே குழியே தேவைப்படவில்லை. கொளுஞ்சி, எருக்கு, ஆவாரை, புங்கு, வேம்பு என்று கிடைத்த தழையை வெட்டிக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து, தொளி உழவு செய்த சேற்றில் பரப்பி, காலால் மிதித்து அமுக்கினார்கள். நடவுக்குள் தழை அழுகிச் சேறோடு சேர்ந்துவிடும். பாசனத்துக்கு வந்த தண்ணீரே மக்கவும் வைத்துவிடுகிறது. புஞ்சையில் தண்ணீரும் இல்லை, வண்டிப்பாதையும் பல இடங்களில் இல்லை. அங்கே ஆட்டுக்கிடை. பகலெல்லாம் தரிசிலும் பொறம்போக்கிலும் மேய்ந்த மந்தையை இரவில் பட்டியடித்து நிறுத்தினால் புழுக்கையும் மூத்திரமும் விழுந்த இடத்திலேயே எருவாகின்றன. மறுநாள் பட்டியைப் பெயர்த்து அடுத்த துண்டுக்கு நகர்த்துவார்கள். சுமை இல்லை, கிளறல் இல்லை, ஒரு குடம் தண்ணீர் செலவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, தொழுவத்தில் வீணாகிற மூத்திரம் இங்கே நேராக மண்ணுக்குப் போகிறது. ராமநாதபுரத்துக் கீதாரிகள் அறுவடை முடிந்த தஞ்சை வயல்களுக்கு மந்தைகளை ஓட்டிக்கொண்டு போய்க் கோடை முழுக்கக் கிடை போட்டதற்குப் பின்னால் இருந்தது இந்தக் கணக்கு. மூன்றாவது, ஏரி வண்டல். ஏரி வற்றுகிற மாதங்களில்தான் வெட்ட முடியும். மாடும் வண்டியும் ஓய்ந்திருப்பதும் அப்போதுதான். மூன்று நான்கு மழைக்காலம் நீருக்கடியில் ஊறிய இலையும் சருகும் சாணமும் சேர்ந்த மண் அது. தண்ணீர் செலவழித்துச் செய்ய வேண்டிய வேலையை ஏரி முன்கூட்டியே செய்துவைத்திருக்கிறது. கொங்கு நாட்டுத் தோட்டக்காலில் மட்டும் கிணறும் நீர் இறைக்கும் கவலையும் வாய்க்காலும் கட்டுத்தரையும் ஒன்றுக்கொன்று எட்டும் தூரத்தில் இருந்தன. தொழு உரத்தைக் கொட்டி விவசாயம் செய்தவர்கள் என்று பேர் வாங்கியவர்களும் அவர்களே. அவர்களுக்கு மட்டும் தனியாக ஞானம் வாய்த்ததென்று சொல்வதைவிட, கிணறு பக்கத்தில் இருந்தது என்று சொல்வது பொருத்தம்.

கோடை உழவையும் இதே வரிசையில் வைக்கலாம். திருக்குறளின் உழவு அதிகாரத்தில், புழுதி கால் பங்காகக் காயும்படி உழுதுபோட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாமல் விளையும் என்று ஒரு குறள் சொல்கிறது. அதற்கு அடுத்த குறளோ உழுவதைக் காட்டிலும் எரு இடுவது நன்று என்கிறது. ஒன்றுக்கொன்று முரண் என்று உரையாசிரியர்கள் யோசித்திருக்கலாம். கிழக்கு ஆப்பிரிக்காவில் ஆராய்ச்சி செய்த பிர்ச் என்பவர் 1958-ல் வெளியிட்ட முடிவு இதற்கு ஒரு விளக்கம் தருகிறது: நன்றாகக் காய்ந்த மண் நனையும்போது அதிலுள்ள கரிமப்பொருள் திடீரென வேகமாகச் சிதைந்து, பயிருக்கு எட்டும் தழைச்சத்து குபீரென்று வெளிப்படுகிறது. ஆகவே காயப்போட்ட புழுதி உண்மையிலேயே எருவின் வேலையைச் செய்யும். ஆனால் அது புதிதாக எதையும் சேர்ப்பதில்லை, மண்ணில் ஏற்கெனவே இருக்கும் முதலை எடுத்துச் செலவழிக்கிறது. ஒவ்வொரு கோடையும் இப்படிச் செலவழித்தால் திருப்பி நிரப்ப எரு வேண்டும். இரண்டு குறளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது.

வெப்ப நாட்டில் சூடு தானாகக் கிடைக்கிறதே, கோடைதான் குப்பை வேகமாக மக்குவதற்கு ஏற்ற காலமாயிற்றே என்ற மறுப்பு எழலாம். தோட்டக்கலைப் புத்தகங்கள் பலவும் அப்படித்தான் சொல்கின்றன. அவை குளிர்நாட்டில் எழுதப்பட்டவை. பனி விழும் ஊரில் குவியலைச் சூடேற்றுவதே பெரும்பாடு. இங்கே நிலைமை வேறு. போதுமான அளவும் ஈரமும் இருக்கிற குவியல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நுண்ணுயிர்கள் தின்று பெருகும்போது உள்ளே 60 டிகிரிக்கு மேல் ஏறிவிடும். வெளியே 40 டிகிரி வெயில் அடிப்பதால் அதற்குப் பெரிய ஆதாயம் இல்லை, நட்டம்தான் உண்டு. மேல் ஒரு சாண் அளவு காய்ந்து சருகாகிவிடும். ஈரம் 50, 60 சதவீதத்திலிருந்து கீழே இறங்க இறங்க நுண்ணுயிர்களின் வேலை மந்தமாகி, ஒரு கட்டத்தில் அப்படியே நின்றுபோகும். கூடவே சூட்டில் தழைச்சத்து அமோனியாவாகப் பறக்கும். மூக்கைத் துளைக்கும் அந்த நெடி, பயிருக்குப் போக வேண்டியது காற்றில் போவதன் அடையாளம். ஆகவே வெயில் நாட்டில் எரு தயாரிப்பவரின் கவலை, எப்படி மக்கவைப்பது என்பதைவிட எப்படி இழக்காமல் வைத்திருப்பது என்பதுதான். மரநிழல், குழி, மேலே மண்பூச்சு, தென்னங்கீற்று மூடாக்கு, இவை எல்லாம் அந்தக் கவலையின் விடைகள். மண்புழு உரம் தயாரிப்பவர்கள் இன்று கூரை போட்டுச் சாக்கை நனைத்து மூடுவதும் அதே காரணத்துக்காக. வெயிலில் விட்டால் புழு செத்துப்போகும்.

அடுத்த மறுப்பு இதைவிடக் கனமானது. குழிக்கு வேண்டிய தண்ணீர் அப்படி என்ன அதிகம்? மகாராஷ்டிரத்தின் நாராயண் பாண்டரிபாண்டே வகுத்த நாடெப் முறையை எடுத்துக்கொள்வோம்: 10 அடி நீளம், 6 அடி அகலம், 3 அடி உயரத்தில் ஓட்டைவிட்டுக் கட்டிய செங்கல் தொட்டி. அதை ஒருமுறை நிரப்ப 1,500 முதல் 2,000 லிட்டர் தண்ணீர் போதும் என்பது அவர் கணக்கு. ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் தண்ணீர் கட்டினாலே ஒரு லட்சம் லிட்டருக்கு மேல் ஆகிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் தொட்டித் தண்ணீர் ஒன்றுமே இல்லை. அளவைப் பொறுத்தவரை மறுப்பு சரிதான். ஆனால் பாசனத் தண்ணீர் வாய்க்காலில் தானாக ஓடி வருகிறது. குழிக்கான தண்ணீரைச் சுமக்க வேண்டும். 15 லிட்டர் குடம் என்று வைத்துக்கொண்டால் 1,500 லிட்டர் என்பது நூறு குடம். சித்திரையில், ஊர்க்கிணறு அடியில் ஊறுகிற நேரத்தில், குடிக்கவும் மாட்டுக்கும் இரைத்த பிறகு நூறு நடை. அதையும் இந்தூர் முறைப்படி செய்தால் ஒவ்வொரு கிளறலுக்கும் மறுபடி கொஞ்சம். தண்ணீர் சுமப்பது பெண்கள் வேலை. பிரசுரங்கள் பெரும்பாலும் விவசாயி என்ற ஆணை முன்னிறுத்தி எழுதப்பட்டன; குழியை வெட்டுவது எப்படி என்று விரிவாகச் சொன்னவை, நனைப்பது யார் என்று சொல்லவில்லை. செலவுக் கணக்கில் அந்த உழைப்பு பூஜ்யமாகவே நின்றது. ஒரு முறை ஏன் பரவவில்லை என்று ஆராய்கிறவர்கள் அந்தப் பூஜ்யத்தை முதலில் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சொல்வதால் பழைய வழக்கம் குறையற்றது என்று ஆகாது. பழமையைப் போற்றும் கட்சிக்கு இங்கே கசப்பான விஷயங்கள் உண்டு. தொழுவத்து மூத்திரம் சாக்கடையாக ஓடி வீணானது. மாட்டின் கழிவிலுள்ள தழைச்சத்தில் பெரும்பங்கு அதில்தான் இருக்கிறது, அதை மண்ணில் பிடித்துவைத்த ஹோவர்டின் ஏற்பாட்டுக்கு ஈடாகக் குப்பைமேட்டில் எதுவும் இல்லை. மேட்டிலிருந்து வெட்டிய எருவைக் காட்டில் சிறுசிறு குமியாகக் கொட்டி, மழை வரும்வரை வாரக்கணக்கில் விட்டுவைப்பது இன்னொரு இழப்பு. வெயிலும் காற்றும் எல்லாப் பக்கமும் புகுவதற்கு அதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது. ஆடிப்பட்டத்துக்கு முன்னால் வண்டியும் ஆளும் கையொழிந்திருப்பது சித்திரையில்தான், மழை எந்த நாளில் வரும் என்று யாருக்கும் தெரியாது என்பது அதற்கான நியாயம். நியாயம் இருப்பதால் இழப்பு குறைந்துவிடாது. வறட்டி விஷயத்தில் மட்டும் பழி உழவரைச் சேர்வதில்லை. 1889 கடைசியில் இந்தியா வந்து நாடு முழுக்கச் சுற்றிய ஜான் அகஸ்டஸ் வோல்கர் என்ற ஆங்கில வேளாண் வேதியியலாளர் 1893-ல் தந்த அறிக்கையிலேயே இதைத் தெளிவாக எழுதிவிட்டார்: விறகு கிடைக்காத இடத்தில்தான் சாணத்தை எரிக்கிறார்கள், ஆகவே விறகுக்கும் தீவனத்துக்கும் காடு வளர்த்துக் கொடுங்கள் என்பது அவர் பரிந்துரை. அதே காலத்தில் சென்னை மாகாணத்தில் நடந்தது வேறு. 1882 வனச் சட்டத்துக்குப் பிறகு ஒதுக்கப்பட்ட காடுகளில் விறகு எடுப்பதும் தழை வெட்டுவதும் மாடு மேய்ப்பதும் அனுமதிச் சீட்டுக்கும் கட்டணத்துக்கும் உட்பட்டன. சேற்றில் மிதிக்கும் தழைக்கும் விலை வந்தது, அடுப்புக்குப் போகும் சாணமும் கூடியது. அரசின் ஒரு துறை எருவைப் பேணச் சொல்லிக்கொண்டிருந்தபோது இன்னொரு துறை எருவின் மூலத்துக்கு வேலி போட்டது.

இந்தூர் முறையை யார் எடுத்துக்கொண்டார்கள் என்று பார்த்தாலும் இதே விடைதான். கிராமத்து உழவர்களைவிட முன்னால் அதைப் பிடித்துக்கொண்டவை தோட்ட நிறுவனங்கள்: கென்யாவின் காபித் தோட்டங்கள், இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்கள். 1937-38 குளிர்காலத்தில் ஹோவர்ட் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்து மகிழ்ந்தார், 1940-ல் வந்த அவருடைய ‘வேளாண் சாசனம்’ நூலில் அந்த வெற்றிக்குத் தாராளமாக இடம் ஒதுக்கினார். மலையில் மழை உண்டு, ஓடை உண்டு, தழை உண்டு, லயத்தில் குடியிருத்திய கூலியாட்கள் உண்டு. இலங்கையிலும் தென்னிந்திய மலைகளிலும் அந்தக் கூலியாட்களில் பெரும்பகுதியினர் தமிழ்நாட்டுப் புஞ்சைக் காடுகளிலிருந்து பிழைக்கப் போனவர்கள். தங்கள் ஊரில் குப்பைமேட்டுக்குத் தண்ணீர் ஊற்ற வழியில்லாதவர்கள், கண்காணியின் பார்வையில் இன்னொருவர் கம்போஸ்டைக் கிளறினார்கள். காந்தி 1935-ல் இந்தூர் போனபோது அந்த நிலையத்தைப் பார்த்து, பிறகு ‘ஹரிஜன்’ இதழில் முறையை விளக்கி எழுதச் செய்தார். 1947 டிசம்பரில் காந்தியின் சீடர் மீராபென்னின் முன்முயற்சியில் டெல்லியில் அகில இந்தியக் கம்போஸ்ட் மாநாடு கூடியது. 1952-ல் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தில் ஊர்தோறும் குழி வெட்டச் சொன்னார்கள், வெட்டவும் வெட்டினார்கள். நிரப்பி, நனைத்து, கிளறியவர்கள் சிலரே.

கிளறலும் நனைப்பும்தான் இடிக்கின்றன என்று கண்டு, அவற்றை விலக்க முயன்றவர் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் சி. என். ஆச்சார்யா. 1939-ல் அவர் உருவாக்கியது பெங்களூர் முறை எனப்படுகிறது. நகரக் குப்பையையும் மலத்தையும் அகழியில் மாறிமாறி அடுக்கி, மேலே சேறு பூசி மூடிவிட வேண்டும். முதல் எட்டுப் பத்து நாள் உள்ளே இருக்கும் காற்றில் சூடேறி மக்கும். பிறகு காற்றில்லாமல் மெதுவாக, ஆறு முதல் எட்டு மாதத்தில் எருவாகும். திறக்க வேண்டாம், திருப்ப வேண்டாம், தண்ணீர் ஊற்ற வேண்டாம். இந்தூரைவிட இரண்டு மடங்கு காலம் எடுத்தாலும் ஈரமும் தழைச்சத்தும் பூச்சுக்குள்ளேயே தங்கின. வெயில் நாட்டின் பிரச்சினையைச் சரியாகப் பிடித்த தீர்வு என்று இதை நான் இந்தூருக்கு மேலாக வைப்பேன். ஆனால் அது மிச்சப்படுத்திய உழைப்பு எது, மிச்சப்படுத்தாத உழைப்பு எது என்று கேட்டாக வேண்டும். கிளறும் கூலி மிச்சமாயிற்று. மலத்தை வாளியில் அள்ளித் தலையில் சுமந்து வண்டியில் கொட்டியவர்களின் உழைப்பு அப்படியே தொடர்ந்தது, அதுவும் சாதியின் பெயரால் அந்த வேலைக்குள் அடைக்கப்பட்டவர்களின் உழைப்பு. நகராட்சிகளின் உரக்கிடங்குக் கணக்கில் வண்டிகளின் எண்ணிக்கை வரும், டன் வரும்; வாளி சுமந்த தலை வராது. கையால் மலம் அள்ளுவதை 1993-லும் 2013-லும் சட்டங்கள் தடைசெய்தன. பெங்களூர் முறை அதன் மூல வடிவில் திரும்பி வர வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இதை நினைவில் வைத்துக்கொண்டு ஆசைப்படட்டும்.

யூரியா மூட்டை வென்ற கதைக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை, ஒரு கணக்கு போதும். தொழு உரத்தில் தழைச்சத்து ஏறக்குறைய 0.5 சதவீதம், யூரியாவில் 46. பழைய 50 கிலோ மூட்டை ஒன்றிலுள்ள 23 கிலோ தழைச்சத்தை எருவாகக் கொடுக்க 4,600 கிலோ வேண்டும். பாதி தண்ணீராக இருக்கிற அந்த நாலரை டன்னை வெட்டி, ஏற்றி, அடித்து, இறைக்க வேண்டும்; மூட்டையை ஒருவர் சைக்கிளில் கொண்டுபோவார். பசுமைப் புரட்சியைச் சதி என்று மட்டும் பேசுகிறவர்கள் இந்தச் சுமையை எண்ணிப் பார்ப்பதில்லை. எருவைத் தழைச்சத்தாக மட்டும் எடைபோடுவதும் தவறுதான். மூட்டையில் கரிமம் மண்ணில் தங்கும்படி எதுவும் இல்லை. வெயில் நாட்டு மண் தனக்குள் இருக்கும் கரிமத்தை வேகமாகத் தின்றுதீர்க்கும். மண் பரிசோதனை நிலையங்கள் கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ‘குறைவு’ என்று எழுதித் தருகின்றன. அந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்துத் தமிழக உழவர்களுக்கு அலுத்துவிட்டது. மக்கு உரம் மண்ணில் சேரச் சேர மண் தண்ணீரை அதிகம் பிடித்துவைக்கும். மக்கவைக்கச் செலவழித்த தண்ணீர் அந்த வகையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வருகிறது. திரும்பி வருவது அடுத்த ஆண்டு, அதற்கடுத்த ஆண்டு. குத்தகைக்கு உழுபவர் அடுத்த ஆண்டு அந்த நிலத்தில் இருப்பாரா என்பது தெரியாது.

இன்று ஈரமான குப்பை நகரத்தில் இருக்கிறது. காய்கறிக் கழிவில் எண்பது சதவீதத்துக்கு மேல் தண்ணீர். சமையலறைக் கூடைக்கு யாரும் ஒரு குடம் ஊற்ற வேண்டியதில்லை. மாடித்தோட்டக்காரர்களின் புகாரைக் கேட்டால் இது புரியும்: தொட்டி நாறுகிறது, புழு வைக்கிறது, நீர் வடிகிறது. எல்லாமே ஈரம் கூடிப்போனதன் புகார். அவர்கள் உலர்ந்த சருகையும் தென்னை நார்க்கழிவையும் தேடி வாங்கிச் சேர்க்கிறார்கள். கிராமத்தில் சருகு மிஞ்சி ஈரம் இல்லை, நகரத்தில் ஈரம் மிஞ்சிச் சருகு இல்லை. கோயம்பேடு போன்ற ஒரு காய்கறிச் சந்தையின் கழிவும் கோடைக் கரிசலின் பருத்திமாரும் சேர்ந்தால் ஹோவர்ட் கேட்ட கலவை கிடைத்துவிடும், நடுவில் இருக்கும் தூரத்தை மறந்துவிட்டால். நகரக் கம்போஸ்டை உழவர்கள் வாங்கட்டும் என்று மத்திய அரசு 2016-ல் டன்னுக்கு 1,500 ரூபாய் உதவித்தொகை அறிவித்தது. உரக் கட்டுப்பாட்டு ஆணையின்படி அந்தக் கம்போஸ்டில் தழைச்சத்து குறைந்தது 0.8 சதவீதம் இருக்க வேண்டும். அதாவது ஒரு டன்னில் 8 கிலோ, ஒரு யூரியா மூட்டையில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்கு. ஈரம் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் அதே ஆணை சொல்கிறது. மக்கும்போது குவியலில் பாதிக்கு மேல் ஈரம் வேண்டும்; மூட்டை பிடிக்கும்போது அந்த ஈரத்தைத் திரும்பக் காயவைத்து எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் உழவர் கொடுக்கும் லாரி வாடகையில் பாதி தண்ணீருக்குப் போகும்.